நாலாவது ஆள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘நாலாவது ஆள்’ நான் எழுதிய நாவல். பறக்கும் கோட்டை ஒன்றில் கடைநிலை வேலை பார்க்கும் அசுரன் தன் வாயால் சொல்லும் கதை. நடப்பது பெரும்பாலும் கடலூரில், கொஞ்சம் புதுச்சேரியில். படித்தவர்களும் படிக்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

கதை என்ன? இரண்டு வரியில் சொல்லுங்களேன்.

இரண்டு வரியில் அடங்காது. பொன், வெள்ளி, இரும்பு என்று மூன்று கோட்டைகள். அதில் கீழே கிடக்கும் இரும்புக் கோட்டையில், கீழான வேலையில் இருப்பவன் துருவன். சுவரில் துரு சுரண்டி எண்ணெய் பூச வேண்டும், அவ்வளவுதான் வேலை. நட்சத்திரமாகிற யோகம் இல்லாத துருவன். மூன்று கோட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வரும் நாளன்று, பொன் கோட்டைக்குப் பக்கத்தில் நம் கோட்டை அசிங்கமாகத் தெரியக்கூடாது என்று மேஸ்திரி அவனை எண்ணெய் வாங்கக் கீழே அனுப்புகிறார். காசு தரவில்லை. “கைக்காசு போட்டு வாங்கிக்கிட்டு வா, அப்புறம் கணக்குல சேத்துக்கலாம்” என்கிறார். கெடிலம் ஆற்றங்கரையில் ஒரு செக்கடியில் காத்திருந்து, குடம் நிறைய எண்ணெயோடு நிமிர்ந்து பார்த்தால் மேலே கோட்டையே இல்லை. போட்ட காசை இனி யாரிடம் கேட்பது? அந்தக் காசுக்காக அவன் யுகக்கணக்கில் அலைவதுதான் நாவல்.

திரிபுரக் கதை தெரியாமல் படித்தால் புரியுமா?

புரியும். ஆனாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி என்ற மூன்று அசுரர்கள் தவம் செய்து மூன்று கோட்டைகளை வரமாகப் பெற்றார்கள். நினைத்த இடத்துக்குப் பறந்து போகும் கோட்டைகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறை மூன்றும் ஒன்றாகச் சேரும்போது ஒரே அம்பால்தான் அழிக்க முடியும் என்பது நிபந்தனை. சிவன் பூமியைத் தேராகவும், சூரிய சந்திரரைச் சக்கரங்களாகவும், மேருவை வில்லாகவும், வாசுகியை நாணாகவும், திருமாலை அம்பாகவும் கொண்டு புறப்பட்டார். பிரம்மா தேரோட்டி. நாம் இல்லாமல் இது நடக்குமா என்று தேவர்கள் ஆளாளுக்கு நினைத்துக்கொண்டிருக்க, சிவன் லேசாகச் சிரித்தார். கோட்டைகள் எரிந்துபோயின. அம்பு கையிலேயே நின்றது.

இது நடந்த இடமாகச் சொல்லப்படுவது பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவதிகை. சிவன் வீரம் காட்டியதாகச் சொல்லப்படும் அட்ட வீரட்டானத் தலங்கள் எட்டில் ஒன்று, கெடிலக் கரையில் இருக்கிறது. நம்ம மாவட்டத்துக் கதை, அதனால் துருவனும் நம்ம மாவட்டத்துக்காரன்.

அது என்ன ‘நாலாவது’?

கோட்டைகள் எரிந்தபோது சிவபக்தியால் மூன்று பேர் மட்டும் பிழைத்தார்கள் என்று சுந்தரர் திருப்புன்கூர்ப் பதிகத்தில் பாடுகிறார். இருவரைக் கோயில் வாசலுக்குக் காவலாக வைத்த சிவன், மூன்றாமவனைத் தன் ஆட்டத்துக்கு முழவு வாசிக்க வைத்துக்கொண்டார். மூன்று பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது.

எண்ணெய் வாங்கப் போனவனை யாரும் எண்ணவில்லை. பக்தியால் பிழைத்த கணக்கில் அவன் வரமாட்டான், பாவத்தால் எரிந்த கணக்கிலும் வரமாட்டான். செக்கடியில் நேரமாகிவிட்டதால் பிழைத்தவன். இப்படி ஓர் ஆள் கிடைத்தால் எழுதாமல் எப்படி இருப்பது?

ஏன் அசுர ராஜாவை விட்டுவிட்டுக் கடைநிலை ஆளைப் பிடித்தீர்கள்?

ராஜாக்களுக்குப் பேச ஆள் இருக்கிறது. தோற்றவன் பக்கத்து நியாயம் என்று இன்று நிறைய எழுதப்படுகிறது. அவற்றிலும் அரியணையில் உட்கார்ந்தவன்தான் பேசுகிறான். அரண்மனை மாறுகிறதே தவிர உயரம் மாறுவதில்லை.

ஐப்பசியில் சூரசம்ஹாரம் பார்க்கப் போயிருப்பீர்கள். சூரன் பொம்மை ஆடிக்கொண்டு வரும். முதலில் யானை முகம், அப்புறம் சிங்க முகம், அப்புறம் சூரபத்மன் முகம். வேல் வந்து தொட்டதும் ஒரு தலையைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவார்கள். கூட்டம் முழுக்க வேலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் கழற்றின யானைத் தலையைப் பாருங்கள். அதை ஒருவர் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அடுத்த தலையின் கட்டுக்கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருப்பார். வேர்வை கண்ணுக்குள் இறங்கும், துடைக்கக் கை இருக்காது. அங்கிருந்து பார்த்தால் சம்ஹாரம் எப்படி இருக்கும்? “சாமி, ஒரு நிமிஷம் பொறுங்க, கயிறு சிக்கிக்கிச்சு” என்றுதான் இருக்கும்.

எனக்கு வேண்டியிருந்தது அந்த இடம். சண்டையில் யார் சரி, யார் தப்பு என்று துருவனுக்குக் கவலை இல்லை. எந்தச் சண்டை நடந்தாலும் மறுநாள் யார் கழுவ வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் வரும் கோப்ளின் கதைகளின் தமிழ் வடிவமா இது?

அந்த வகையைச் சேர்ந்ததுதான், மறுக்கவில்லை. 1974இல் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற சாகச விளையாட்டு வந்ததிலிருந்து மேஜை விளையாட்டிலும், பிறகு கணினி விளையாட்டிலும் கோப்ளின் என்றால் முதல் கட்டத்தில் வெட்டுப்படுவதற்கென்றே நிற்கும் ஜந்து. வாள் வீரன், மந்திரவாதி, குள்ளன் என்று ஒரு கூட்டம் குகைக்குள் நுழையும், நாலு கோப்ளினை வெட்டும், மடியில் இருந்த சில்லறையை எடுத்துக்கொண்டு போய்விடும். அந்தக் கோப்ளினுக்கு வீடு உண்டா, இன்று அதன் முறையா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தவர்கள் எழுதியவைதான் அந்த நகைச்சுவை நாவல்கள்.

ஆனால் அங்கே வாசகருக்குக் குகையும் மந்திரவாதியும் மனப்பாடம், அதைப் புரட்டிப் போட்டால் உடனே சிரிப்பு வரும். நமக்கு மனப்பாடமாக இருப்பது சம்ஹாரமும் சாப விமோசனமும். அதனால் புரட்ட வேண்டியதும் அதைத்தான். துருவன் கடைசியில் சாபம் நீங்கிக் கந்தர்வனாக மாறுவான் என்று எதிர்பார்த்துப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் துருவன் சார்பில் ஒரு கேள்வி: கந்தர்வனாகிவிட்டால் பழைய பாக்கியை யார் தருவார்கள்?

தமிழில் இதற்கு முன்னோடி உண்டா?

தாராளமாக உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வியும் இதுதான்.

செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை எடுத்துக்கொள்ளுங்கள். குலோத்துங்கனின் படை, கருணாகரத் தொண்டைமானின் வெற்றி எல்லாம் அதில் உண்டு. பாட்டுக்குள் அதிகம் பேசுவதோ பசித்த பேய்கள். காளியிடம் போய் முறையிடுகின்றன, ‘பேய் முறைப்பாடு’ என்று அதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது. போர் வரப்போகிறது என்று சேதி வந்ததும் துள்ளிக் குதிக்கின்றன. போர் முடிந்ததும் பல் துலக்கி, குளித்து, களத்திலேயே கூழ் காய்ச்சிப் பந்தி வைக்கின்றன. குருட்டுப் பேய், ஊமைப் பேய், பிள்ளைத்தாய்ச்சிப் பேய் என்று ஒவ்வொன்றாகக் கவனித்துப் பரிமாறச் சொல்லி அதட்டல் வேறு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு பெரும்போரைச் சமையற்கட்டிலிருந்து பார்த்துவிட்டார்கள்.

அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னால் காரைக்கால் அம்மையார். காரைக்கால் இன்று புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் இருக்கிறது, ஆகவே புதுச்சேரிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். பேய் உருவைக் கேட்டு வாங்கி, பாட்டில் தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொண்டவர். அவர் பாடிய திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் ஒரு பேய்த்தாய் வருகிறாள். பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைத்து, சீராட்டி வளர்த்து, மேலிருக்கும் புழுதியைத் துடைத்து, பால் கொடுத்துவிட்டு எங்கோ போகிறாள். குட்டிப் பேய் அம்மாவைக் காணாமல் அழுது அழுது அங்கேயே தூங்கிப்போகிறது. கூத்தப்பிரான் ஆடும் இடத்தில் ஒரு பேய்க் குழந்தையின் தூக்கத்தைக் கவனித்த கண் அது. என் நாவலில் துருவனுடைய அக்கா பொன் கோட்டையில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அவளை எழுதும் துணிச்சல் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

மதுரையில் கல்யாணச் சாப்பாட்டை ஒற்றை ஆளாகத் தீர்த்த குண்டோதரனையும் சேர்த்துக்கொள்ளலாம். அவனைப் பற்றிச் சிரித்திருக்கிறோம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “இலை போட்டீங்களே, அப்புறம் ஏன் முறைக்கிறீங்க” என்று கேட்டதில்லை.

நகைச்சுவைக்கு ஏதாவது விதி வைத்துக்கொண்டீர்களா?

ஒன்றே ஒன்று: துருவன் முட்டாள் இல்லை. கீழ்நிலை ஜந்து என்றாலே தத்துபித்தென்று உளறும், தடுக்கி விழும் என்று எழுதுவது சுலபம். பத்துப் பக்கத்தில் சலித்துவிடும். துருவன் சரியாகத்தான் பார்க்கிறான். அவன் நிற்கும் இடம்தான் வேறு.

தேர் புறப்படும் அத்தியாயம் இப்படித்தான் உருவானது. தேவர்கள் பக்கமிருந்து பார்த்தால் அது பிரம்மாண்டம். செக்கடியிலிருந்து பார்த்தால்? சூரியனும் சந்திரனும் சக்கரமாகப் போய்விட்டதால் பட்டப்பகலில் இருட்டிவிடுகிறது. செக்குக்காரம்மா விளக்கேற்றுகிறார். பூமியே தேர் என்பதால் தரை நகர்கிறது, மாடு மிரண்டு நின்றுவிடுகிறது. விநாயகரைக் கும்பிடாமல் கிளம்பியதால் தேரின் அச்சு முறிந்ததாகவும், அது அச்சிறுபாக்கத்தில் நடந்ததாகவும் தலபுராணம். இங்கே செக்கடியில் அந்தக் குலுக்கலில் குடத்திலிருந்து கால்படி எண்ணெய் சிந்துகிறது. துருவன் அதைத் தனியாகக் குறித்துக்கொள்கிறான்: ‘தேர் அச்சு முறிந்த வகையில் சேதாரம், கால்படி.’

செக்குக்காரம்மாவோடு பேச்சும் இப்படித்தான்:

“யாருப்பா நீ, வாயெல்லாம் பல்லா இருக்கற?”

“மேல வேல பாக்கறேங்க ஆயா.”

“மேலன்னா?”

அவன் ஆகாயத்தைக் காட்டுகிறான்.

“கவுருமெண்டா? அப்ப கடன் கெடையாது, காச வச்சுட்டு எண்ணெய எடு.”

புராண காலத்தில் கவுருமெண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கடன் கேட்டு நிற்கும் ஆளும், கொடுக்க மறுக்கும் செக்கும் இருந்தால் கவுருமெண்டும் இருந்திருக்கும்.

சாமியைக் கிண்டல் செய்கிறீர்களா?

இல்லை. துருவன் சிவனைப் பார்த்ததே இல்லை. பார்க்கிற உயரத்தில் அவன் ஒருநாளும் இருந்ததில்லை. கன்னத்தில் ஓர் அனல் பட்டுப் போகிறது, அவ்வளவுதான். அந்த ஒரு பத்தியில் நகைச்சுவை வைக்கவில்லை, படித்தால் தெரியும். கிண்டலெல்லாம் மேஸ்திரிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் அவரவர் பெருமை பேசும் சில்லறைத் தேவர்களுக்கும். இன்னொன்று: ஏசுவது போல் ஏத்துவதை நிந்தாஸ்துதி என்று வகையாகவே வைத்திருப்பவர்கள் நாம். காளமேகம் பாடியதை ரசித்தவர்களுக்குத் துருவன் பேசுவது ஒன்றும் பெரிதாகத் தெரியாது.

இரும்புக் கோட்டை துருப்பிடிப்பது உங்கள் கற்பனைதானே?

புராணத்தில் துரு இல்லை. கடலூரில் கடலோரத் தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருந்து பாருங்கள், துரு எப்படி வந்தது என்று புரியும். உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும் வேகம் சாதாரணமில்லை. பெயிண்ட் முதலில் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பும். நகத்தால் தட்டினால் செதிலாக உதிரும், உள்ளே கம்பி பாதி மெலிந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, மேலே எனாமல் அடித்தாலும் அடுத்த மழைக்காலத்துக்குள் ஓரத்தில் மறுபடி காவிக் கறை இறங்கும். இந்தக் கடலோரத்தில் ஒரு கோட்டையையே இரும்பால் கட்டி நிறுத்தினால் அதற்கு எத்தனை துருவன்கள் வேண்டும் என்று யோசித்தேன். கதை அங்கேதான் பிறந்தது.

செயின்ட் டேவிட் கோட்டை அத்தியாயத்தில் பீரங்கி விஷயம் நிஜமா?

நிஜம். 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டையை (அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை) வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள நிலமும் சேர்த்து என்று பேச்சு. சுட்டார்கள், ஊர்கள் கம்பெனிக்குப் போயின. குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர் நின்றுவிட்டது. இதற்கு மேல் நகைச்சுவை எழுத்தாளன் கற்பனை செய்ய என்ன இருக்கிறது? நான் சேர்த்தது ஒன்றுதான். குண்டு விழுந்த இடத்தில் அடையாளக் கம்பு நட துருவனைக் கூலிக்கு எடுக்கிறார்கள். இரும்புக் குண்டு, ஈர மண். அவன் கை சும்மா இருக்குமா? துடைத்து எண்ணெய் பூசி வைத்துவிடுகிறான். கம்பெனி ஆள் வந்து பார்த்து, இது சுட்ட குண்டா, சுடாத குண்டா என்று ஒரு பஞ்சாயத்து.

புதுச்சேரிக்குப் பத்துப் பக்கம்தானா?

எனக்கும் குறைதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ள, வேலை போன துருவன் பெண்ணையாற்றைக் கடந்து புதுச்சேரிக்குப் போகிறான். சுமார் 22 கிலோமீட்டர். பிரெஞ்சுக் கோட்டையில் சேர்ந்து கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் 1761இல் ஆங்கிலேயர் அந்த ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்குகிறார்கள். இவன் எந்தக் கோட்டையில் கால் வைத்தாலும் இடிகிறது என்று பேர் வாங்கிவிட்டான், அப்புறம் யார் வேலை கொடுப்பார்கள்? அதனால்தான் பத்துப் பக்கம்.

அப்பர் வரும் அத்தியாயம்?

அப்பர் முகத்தைக் காட்டவில்லை. பல்லவ மன்னன் கல்லில் கட்டிக் கடலில் போட, நாவுக்கரசர் அந்தக் கல்லையே தெப்பமாக்கிக் கரையேறினார் என்பது வரலாறு. கடலூரில் கரையேறவிட்ட குப்பம் இன்றும் இருக்கிறது. ஊரே கரையில் கூடிக் கையெடுத்துக் கும்பிடுகிறது. பின்வரிசையில் நிற்கும் துருவனுக்கு வேறு யோசனை: கல்லே மிதக்குதே, அப்போ இரும்பும் எங்கேயாவது மிதந்துகொண்டிருக்குமோ? அன்றிலிருந்து விடிகாலையில் கடலைப் பார்க்கும் பழக்கம் வருகிறது. சிரிக்க வைக்கத்தான் எழுதினேன், பலர் அழுததாகச் சொல்கிறார்கள்.

அசுரனுக்கு முந்திரி எங்கே கிடைத்தது? அது போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததாயிற்றே.

அவன் முந்திரி தின்பது பதினேழாம் நூற்றாண்டுக்கு அப்புறம் வரும் அத்தியாயத்தில். அதற்கு முன்பெல்லாம் பலாச்சுளைதான். சரிபார்த்துவிட்டேன்.

துருவன் பார்க்க எப்படி இருப்பான்? அட்டையில் படமே இல்லையே.

சோழர் காலக் கோயில் எதற்காவது போனால் விமானத்தைப் பார்க்காதீர்கள். கூரை விளிம்பு வளைந்து இறங்குகிறதே, கபோதம், அதற்குச் சற்றுக் கீழே பாருங்கள். குட்டைக் கால், பானை வயிறு, பிதுங்கிய கண்ணோடு வரிசையாகப் பூதகணங்கள் இருக்கும். ஒன்று கொட்டு அடிக்கும், ஒன்று ஆடும், ஒன்று பல்லைக் காட்டும். இதற்குப் பூதவரி என்று பெயர். மொத்தக் கூரையும் தங்கள் தலைமேல்தான் நிற்கிறது என்ற பாவனை சிலவற்றின் முகத்தில் உண்டு. அந்த முகம்தான். இன்றைய கதையில் அவன் மஞ்சக்குப்பத்தில் பாதி கட்டிய வீட்டில் திருஷ்டி பொம்மையாகத் தொங்குகிறான். நாக்கைத் தொங்கப் போட்டபடி வாட்ச்மேன் வேலை, சம்பளம் கிடையாது.

தானே புயல் அத்தியாயத்தில் ஏன் சிரிப்பே இல்லை?

2011 டிசம்பர் 30 காலையில் இந்தப் பக்கம் இருந்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாக வேரோடு சாய்ந்து கிடந்தன. பலா காய்ப்புக்கு வர வருஷங்கள் ஆகும். அந்த அத்தியாயத்தில் துருவன் சுவரிலிருந்து பிய்ந்து விழுந்து ஒரு தோப்புக்குள் கிடக்கிறான். பக்கத்தில் ஒரு பெரியவர் சாய்ந்த மரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஜோக் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை, எடுத்துவிட்டேன்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பத்து வயதுக்கு மேல் கொடுக்கலாம். கெட்ட வார்த்தை இல்லை. மேஸ்திரி திட்டும் இடங்களில் கொஞ்சம் சத்தம் அதிகம்.

நானும் இப்படி ஒன்று எழுத ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்குவது?

உலகத்தை உருவாக்குவதில் தொடங்காதீர்கள். வரைபடம், வம்சாவளி, மந்திர விதிகள் எல்லாம் அப்புறம். உங்கள் ஜந்துவுக்கு என்ன வேலை, யார் மேலாள், மத்தியானம் என்ன சாப்பாடு, லீவு கேட்டால் என்ன பதில் வரும் என்று முதலில் எழுதுங்கள். அந்த நாலுக்கும் பதில் இருந்தால் உலகம் தானாக வந்துவிடும். வேலையை மட்டும் நிஜமாகத் தெரிந்துகொள்ளுங்கள். நான் பத்துப் பக்கம் எழுதுவதற்கு முன் பழைய கிரில் கதவு ஒன்றைச் சுரண்டினேன். துரு மூக்கில் ஏறினால் ரத்தம் மாதிரி வாடை அடிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம், நாயகர்களைக் கெட்டவர்களாக்க வேண்டாம். கீழிருந்து எழுதும்போது அந்த ஆசை வரும். துருவன் கதையில் தேவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவனைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். மேஸ்திரிகூடக் கெட்டவர் இல்லை. காசை அப்புறம் தருவதாகச் சொன்னதை மனசாரத்தான் சொன்னார்.

இதைத் தெருக்கூத்தாகப் போடலாமா?

விழுப்புரம் பக்கமிருந்து ஒரு குழு கேட்டிருக்கிறது, சந்தோஷமாகச் சரி சொல்லிவிட்டேன். வேறு யார் போட்டாலும் மகிழ்ச்சிதான். இரண்டு விஷயம் மட்டும். துருவனைக் கட்டியக்காரனோடு சேர்த்துவிடாதீர்கள். கட்டியக்காரன் ராஜாவையே கேலி பேசும் உரிமை உள்ளவன், துருவனுக்கு அந்த உரிமை கிடையாது. அடுத்தது, பெரிய வேஷங்களுக்குத் திரை பிடித்து, திரைக்குப் பின்னால் ஆடவிட்டு, பாட்டோடு முகம் காட்டுவீர்கள் அல்லவா? இவனுக்குத் திரை வேண்டாம். அசுர ராஜா வரும்போது திரையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆளாகவே இவன் வரட்டும். ராஜா ஆடி முடிக்கும் வரை கை வலிக்கட்டும். அப்புறம் பேசத் தொடங்கலாம்.